செவ்வாய்க்கிழமை, பத்து ஐம்பத்திரண்டு

வோபே கணினியைத் திறந்ததும் முதலில் வந்து நின்றவள் அவள்தான். சிவப்பு உள்ளாடை, ஈரமான உதடுகள், ஒரு கையால் கூந்தலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். திரையில் பாதியை அவளே அடைத்துக்கொண்டிருந்தாள். 'உன் ஊரிலேயே இருக்கிறேன், உனக்காகக் காத்திருக்கிறேன்' என்று அவளுடைய இடுப்புக்குக் கீழே எழுத்துகள் ஓடின.

"நம்ம ஊர்லயா?" என்றான் வோபே. "நம்ம ஊர்ல மொத்தமே நூத்தி எம்பது பேரு. அதுல இப்படி ஒருத்தி இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா அக்கா?"

ஹிஸ்கே காப்பியை அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினாள். அவன் ஒன்று எடுத்ததும் மூடினாள். கை தன் பழக்கத்தில் எல்லாவற்றையும் செய்தது. மனம் மட்டும் அந்த அறையின் வாசல்பக்கமே இருந்தது. அங்கே அவள் கணவர் டர்க், கதவுச் சட்டத்தில் ஒரு கையை ஊன்றியபடி நின்றிருந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. தன் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்டு நிற்கிறவரைப் போல இருந்தது.

"வா மச்சான், வா. உன் சிநேகிதிக்கு விடை கொடுக்க வேணாமா?" என்று வோபே திரும்பாமலே கூப்பிட்டான். அவன் ஹிஸ்கேயின் தம்பி. பண்ணைகளில் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். கம்பி போகிற பொருள் எதுவானாலும் குடும்பத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வருவான், வந்தால் கிண்டலும் கூடவே வரும்.

டர்க் அங்கேயே நின்றார். கிண்டலுக்குப் பதில் சொல்லத் தெரியாத மனிதர். முப்பத்தோரு வருடமாகக் கடலணைக்குப் பக்கத்திலுள்ள நீரேற்று நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறார். வயல்களில் நிற்கும் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளுவது அவருடைய வேலை. பம்பின் சத்தத்திலேயே இருந்து பழகியதாலோ என்னவோ, வீட்டில் அவர் பேசுவது குறைவு.

அந்தச் சிவப்புக்காரி வீட்டுக்குள் வந்தது எப்படி என்று இந்த வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். அது ஹிஸ்கே.

வருடா வருடம் டிசம்பர் ஐந்தாம் தேதிக்கு முன்னால் குடும்பத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு பரிசு வாங்கி, அவருடைய அந்த வருடத்து அசட்டுத்தனங்களையெல்லாம் கேலி செய்து ஒரு கவிதையும் எழுதி வைக்க வேண்டும். கையெழுத்துப் போடக்கூடாது, எல்லாம் கப்பலில் பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ் பெரியவர் அனுப்பியதாகத்தான் பேச்சு. பரிசு பெறுகிறவரே அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் ஹிஸ்கே மற்ற நாட்களில் வாழ்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம். நாலு பேர் கூடினால் அவளுக்கு வாய் திறக்காது. கடையில் தப்பான ரொட்டியைக் கொடுத்துவிட்டாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஆனால் அன்றைக்கு அவள் எழுதிய வரிகளை வேறொருவர் படிப்பார். அறை முழுக்கச் சிரிப்பார்கள். "இது அக்கா வேலைதான்" என்று வோபே தொடையில் தட்டிக்கொள்வான். அவள் குனிந்து கோப்பைகளை அடுக்குவாள். காது மடல் சூடாகும். அந்தச் சூடு ஒரு வருடத்துக்குப் போதும்.

இந்த வருடம் அவளுக்கு டர்க்கின் பெயர் வந்தது.

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று நாள் காலையும் உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. தபால்காரரைப் பற்றி இருபது வரி எழுதியிருக்கிறாள். வோபேயின் முதல் மனைவியைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறாள். தன் புருஷனைப் பற்றி எழுத ஒரு வரி இல்லை. அது அவர் குறையா, தான் அவரைப் பார்க்காமலே இருந்துவிட்டோமா என்று யோசித்தாள். அப்போதுதான் கணினியில் தேடினாள். 'கவிதைத் தோழன், இலவசம்' என்று ஒன்று வந்தது. பெயர், வயது, வேலை, பொழுதுபோக்கு என்று கேட்டது. எல்லாக் கேள்விக்கும் 'சரி' என்ற இடத்திலேயே அழுத்தினாள். அது பதினாறு வரி எழுதிக் கொடுத்தது. 'டர்க் டர்க் நல்ல மனிதர், எல்லோருக்கும் இனிய மனிதர்' என்று ஆரம்பித்தது. பத்து வயதுப் பிள்ளை எழுதினால்கூடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். ஆனாலும் அதை அச்செடுத்தாள். பிறகு வெட்கப்பட்டு அந்தத் தாளைச் சமையல் புத்தகத்துக்குப் பின்னால் ஒளித்தாள். திரையிலிருந்த தோழனின் சின்னப் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். போய்விட்டது என்று நினைத்தாள்.

போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் ரிக்ஸ்ட், நாலு வயதுப் பேத்தி நின்கேயோடு வந்திருந்தாள். சின்டர்கிளாஸின் கப்பல் படம் வேண்டும் என்று நின்கே அடம் பிடித்தாள். டர்க் அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கணினியைத் திறந்தார். கப்பல் வரவில்லை. சிவப்புக்காரி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

"இவங்களுக்குக் குளிராதா தாத்தா?" என்று நின்கே கேட்டாள்.

ரிக்ஸ்ட் எழுந்து வந்து குழந்தையைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றார் டர்க்.

"தானா வந்துச்சாப்பா? யாராவது போன எடத்துலேருந்துதான் வரும். அம்மாவா போயிருப்பா?"

அந்த நேரத்தில் ஹிஸ்கே சொல்லியிருக்கலாம். வாயில் இருந்தது. ஆனால் சொன்னால் கவிதைத் தோழனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், வோபே தொடையில் தட்டிக்கொள்ளும் அந்த ஒரு நாள் போய்விடும்; இத்தனை வருடக் கவிதையும் திருட்டு என்று ஆகிவிடும். ஒரு நிமிடம்தான் யோசித்தாள். அந்த நிமிடத்தில் ரிக்ஸ்ட் குழந்தைக்குக் கோட்டு மாட்டிவிட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

புதன்கிழமை மதியம் பள்ளிக்கூடம் விட்டதும் நின்கே இங்கேதான் வருவாள். அதற்காகவே டர்க் புதன்கிழமைகளில் பாதி நாள் விடுப்பு வாங்கியிருந்தார். அந்தப் புதன்கிழமை அவள் வரவில்லை. அவளை இனிமேல் தன் மாமியார் பார்த்துக்கொள்வார் என்று ரிக்ஸ்ட் இரண்டு வரியில் செய்தி அனுப்பியிருந்தாள். டர்க் அப்படியும் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தார். கொட்டகையில் போய் உட்கார்ந்து, ஏற்கெனவே தீட்டியிருந்த மண்வெட்டியை மறுபடி தீட்டினார். வீட்டுக் கதவோரம் நின்கேயின் மஞ்சள் ரப்பர் காலணிகள் இருந்தன. ஹிஸ்கே சமையலறை ஜன்னலில் நின்று அந்தத் தீட்டும் சத்தத்தைக் கேட்டாள். ஒவ்வொரு இழுப்பும் தன் மேல் விழுவது போல் இருந்தது.

"பாரு, நல்லாப் பாரு" என்றான் வோபே இப்போது. உலாவியின் முதல் பக்கத்தை மாற்றினான். தெரியாத பட்டைகளை நீக்கினான். மூடித் திறந்தான். சிவப்புக்காரி சிரித்தாள். "அடிப்பாவி." மறுபடி செய்தான். மறுபடி வந்தாள். மூன்றாவது முறை உலாவியின் படத்தின் மேல் வலது பக்கம் அழுத்தி, அதன் முகவரியைக் கடைசிவரைக்கும் இழுத்துப் பார்த்தான். "அட, வால்ல ஒட்டிக்கிட்டு இருக்கா பாரு! நீ கதவத் தொறக்கறப்பல்லாம் அவளும் கூடவே வர்ற மாதிரி. முன்னாடி எவ்வளவு தொடச்சாலும் போகாது." அந்த வாலை அழித்தான். "இப்ப, இவள உள்ள விட்டது யாருன்னு பாக்கலாம்."

ஏற்றப்பட்ட நிரல்களின் பட்டியலைத் திறந்து, தேதி வரிசையில் அடுக்கினான். மேலே நாலு பெயர்கள் ஒரே நேரத்தில் வந்திருந்தன. ஒரு தேடல் கருவி, ஒரு தள்ளுபடிச் சீட்டு, ஒரு வானிலைப் படம். நாலாவது கவிதைத் தோழன். பத்தொன்பது நவம்பர், செவ்வாய், 10:52.

ஹிஸ்கே அந்தப் பெயரையே பார்த்தாள். குப்பைத்தொட்டியில் போட்டேனே!

"கவிதைத் தோழனா?" வோபே வாய்விட்டுச் சிரித்தான். "இவந்தான் மாப்பிள்ளை. பொம்பளைங்க மூணு பேரும் இவன் கூட வந்த கூட்டம். யாரு இத எறக்கினது? அக்காவுக்கு இது தேவையில்ல."

டர்க் இப்போது வோபேயின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். இடது கண்ணில் புரை எடுத்ததிலிருந்து அவருக்குச் சின்ன எழுத்தெல்லாம் தெரிகிறது. தூரத்துப் படகின் பெயரைப் படித்துக் காட்டிக் குழந்தை மாதிரி மகிழ்வார். அந்த அறுவை நடந்தது நவம்பர் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை காலையில். ரிக்ஸ்ட்தான் அவரை லேவார்டன் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனாள். பத்து ஐம்பத்திரண்டுக்கு அவர் கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். வீட்டில் இருந்தது ஒருத்தி மட்டும்.

அவருடைய பார்வை அந்த வரியில் போய் நிற்பதை ஹிஸ்கே பார்த்தாள். வரியின் கடைசிவரை போனது. திரும்பி அவளைப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"நான்தான்" என்றார் டர்க்.

"நீயா? நீ கவிதை எழுதப் போனியா?"

"ஒரு தடவ நானே எழுதிப் பாக்கலாம்னு."

வோபே நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஒவ்வொன்றாக நீக்கினான். 'நிச்சயமாகவா? எங்களைப் பிரிந்து இருக்க முடியுமா?' என்று கவிதைத் தோழன் அழுகிற முகம் போட்டுக் கேட்டது. வோபே 'ஆம்' என்று அழுத்தினான். தேதியும் நேரமும் பட்டியலிலிருந்து மறைந்தன.

அவன் போன பிறகு டர்க் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தார். கண்ணுக்கு மருந்து விடும் நேரம். ஒரு நாளைக்கு நாலு தடவை. ஹிஸ்கே குனிந்து, கீழ் இமையை விரலால் இழுத்தாள். அந்தக் கண் அவளை மிக அருகிலிருந்து பார்த்தது. தெளிந்த சாம்பல் நிறம். இவ்வளவு வருடம் அதற்குப் பழுப்பு கலந்த நிறம் என்று நினைத்திருந்தாள்.

"டர்க், அந்தத் தேதி..."

"சொட்டு கன்னத்துல விழுது" என்றார் அவர். "கண்ணுல விடு."

சாயங்காலம் ரிக்ஸ்ட் தொலைபேசியில் கூப்பிட்டாள். வோபே அவளிடம் கதையைச் சொல்லிவிட்டிருந்தான். "மாமா நம்பிட்டார்மா. நான் என்ன சின்னக் குழந்தையா? அப்பா எழுத வேண்டிய கவிதையெல்லாம் நீ எழுதிக் கொடுத்ததுன்னு எனக்குத் தெரியாதா? பொய்யாவது ஒழுங்காச் சொல்லக்கூடாதா? 'ஆமா, பாத்தேன்'னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு அசிங்கமா இருந்திருக்காது." அடுத்த அறையில் டர்க் செய்தித்தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ம்" என்றாள் ஹிஸ்கே. இரண்டாம் தடவையும் உண்மையைச் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் கவிதை வந்தது. இஸ்திரி மேசையின் மேல் நோட்டை வைத்து, நின்றபடியே எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லை. எட்டு வரி.

ஐந்தாம் தேதி வியாழக்கிழமை விடிந்ததிலிருந்தே காற்று. புயல் வருகிறது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். மதியம் கடலணைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. டர்க் காலையிலிருந்து பம்பிடமே இருந்துவிட்டு, மூன்று மணிக்கு ஒரு மணிநேரத்துக்கென்று வீட்டுக்கு வந்தார். குழந்தைக்காக எல்லோரும் வந்திருந்தார்கள். ரிக்ஸ்ட் நின்கேயைத் தன் பக்கத்தில், ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தாள். தாத்தாவின் நாற்காலி எதிர்ச்சுவர் ஓரம் இருந்தது. நின்கே இரண்டு முறை இறங்கி அந்தப் பக்கம் நடந்தாள். இரண்டு முறையும், "இங்க உக்காருடா கண்ணு" என்று ரிக்ஸ்ட் அவள் கையைப் பிடித்தாள். டர்க் தன் பேரெழுத்துப் போட்ட சாக்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு, தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது மச்சான்!" என்று வோபே பரிசு மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கம்பளிக் காலுறை. மேலே மடித்த தாள். "உரக்கப் படி. உனக்குத்தான் இப்பக் கவிதைன்னா உயிராச்சே."

டர்க் எழுந்து நின்று படித்தார். கண்ணாடி போடவில்லை.

"மேகம் ஒன்று கறுத்தால் போதும், காலணி தேடுவார்;
மனைவி பேசத் தொடங்கினாலோ கதவை நாடுவார்."

வோபே தொடையில் தட்டினான். ரிக்ஸ்ட்கூட உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"கண்ணின் திரை போன பின்னே கண்ட முதல் அதிசயம்:
முப்பதாண்டாய்ச் சுவரின் நிறம் மஞ்சள் என்ற ரகசியம்."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். உண்மையாகவே மஞ்சள்தான். டர்க்கின் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே அடுத்த வரியைப் படித்தார்.

"நவம்பர் பத்தொன்பதாம் நாள், நீ கண்கட்டிக் கிடந்த செவ்வாய்..."

நின்றார். அவருடைய கண் கீழே ஓடியது. ஹிஸ்கே கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை அவர் மீதி மூன்று வரியையும் படித்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அவ்வளவுதான்" என்றார்.

"என்ன அவ்வளவுதான்?" என்றான் வோபே. "செவ்வாய்க்கு ஜோடி எங்க?"

"கண்ணு கூசுது. எழுத்து தெரியல."

"கொடுப்பா, நான் படிக்கிறேன்" என்று ரிக்ஸ்ட் கையை நீட்டினாள். "அம்மா ஒரு வரியையும் ஒத்தையா விடமாட்டா."

அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது. மூன்றாம் பம்பில் குப்பை அடைத்துக்கொண்டதாம். டர்க் காலணி மாட்டினார், எண்ணெய்த்துணி மழைக்கோட்டை எடுத்தார். கதவைத் திறந்தபோது காற்று உள்ளே வந்து பரிசுக் காகிதங்களையெல்லாம் சுவரோரம் தள்ளியது. ஹிஸ்கே பின்னாலேயே போனாள். "ஏன் நிறுத்தின?" என்று கேட்டாள். அவர் கோட்டின் பொத்தானைப் போட்டபடி, "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார். "எல்லாத்தையும் விட நல்லா. அத எதுக்கு அவங்களுக்கு?" கதவு மூடியது.

அவள் அறைக்குத் திரும்பினாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வரியை அவள் வாயால் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ரொம்பச் சின்னக் குரல்.

"கணினியில் கவிதை திருடி, கதவடைத்தது என் வாய்.
திருடி வந்த எதுகையோடு வீட்டில் நுழைந்தாள் அந்தப் பெண்;
பழியை எல்லாம் நீ சுமந்தாய். பார்த்தும் மூடியது என் கண்."

வோபே சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். தொடைக்குப் போன கை பாதியில் நின்றது. "அக்கா, நீயா?" என்றான்.

ரிக்ஸ்ட் முகம் மாறவில்லை. "அப்பாவக் காப்பாத்த எழுதினியா?"

ஹிஸ்கே சமையலறைக்குப் போய், சமையல் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துவந்து மகளின் மடியில் வைத்தாள். 'டர்க் டர்க் நல்ல மனிதர், எல்லோருக்கும் இனிய மனிதர்.' ரிக்ஸ்ட் படித்தாள். பதினாறு வரியும் படித்தாள். தாளின் அடி மூலையில், அச்சுப்பொறி தானாகப் போட்ட சின்ன எழுத்துகளுக்கு விரல் வந்தது. 19 நவம்பர், 10:58. விரல் அங்கேயே இருந்தது. அந்த நேரத்தில் தான் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று அவள் நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரி நடைவழி, தானியங்கிக் காப்பி, மடியில் அப்பாவின் கோட்டு.

"அப்பாகிட்டேருந்து ரெண்டு புதன்கிழமையப் பிடுங்கிட்டேன்மா" என்றாள் கடைசியில்.

நின்கே மேசையடியிலிருந்து இஞ்சி பிஸ்கட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "தாத்தா கண் மருந்த வச்சுட்டுப் போயிட்டார்" என்றாள். மேசை மேல் அந்தச் சின்ன பாட்டில் இருந்தது. கடிகாரத்தில் நாலாக ஐந்து நிமிடம்.

ரிக்ஸ்ட் எழுந்து அதை எடுத்தாள். ஜன்னலுக்குப் போனாள். வெளியே அணைக்கரைப் பாதையில், மழைக்கு நடுவே, டர்க்கின் வண்டியின் பின்விளக்குகள் இரண்டு சிவப்புப் புள்ளிகளாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் ஹிஸ்கேயைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டிலை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு நின்றாள். கதவோரம் நின்கே ஒற்றைக்காலில் தள்ளாடியபடி, தன் மஞ்சள் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள்.